எங்கள் மாடியில் குடியிருந்த வாக்குறுதிக் குழு

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து பாத்துடறேன் மேடம்" என்று இன்டர்நெட் ரிப்பேர்காரர் போனில் சொன்னார். வரவில்லை. இதில் செய்தி ஒன்றும் இல்லை. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எந்த ரிப்பேர்காரரும் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சொன்னவர் வருவதாக நினைத்துச் சொல்வதில்லை, கேட்டவரும் வருவார் என்று நம்பிக் கேட்பதில்லை. போனை வைப்பதற்கு ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் மூன்றாவது மாடி மேடம் பதினொரு மணிக்குப் பஸ் பிடித்து மேற்குத் தாம்பரத்தில் இருந்த அந்த ஆளின் கடைக்கே போய், வாசலில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மேடம், நீங்க போயி இவ்ளோ தூரம் வந்துகினு?" என்று அவர் பதறியிருக்கிறார்.

"வரேன்னு சொன்னீங்க, வரல. உடம்பு ஏதும் சரியில்லையோன்னு பாக்க வந்தேன். நல்லா இருந்தா இப்ப வாங்க. இல்லேன்னா வேற ஒரு நாள் சொல்லுங்க. அதுவும் இல்லேன்னா, வர முடியாது, இன்ன காரணம்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லிடுங்க. மூணுல எது சொன்னாலும் எனக்குச் சரி. எழுந்து போயிடுவேன்."

அந்த மனிதர் மூன்றாவதைச் சொல்லியிருக்கலாம். சுலபமானது அதுதான். ஆனால் நம் ஆட்களுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேடத்தைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு இரும்புலியூருக்கு வந்து ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது கேட்டருகே நின்றிருந்த என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"யார் சார் இந்தம்மா? போலீஸா?"

"அதுக்கும் மேல" என்றேன்.

அதுக்கும் மேலதான். மேடம் டெல்லியில் மாநிலங்களவைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவியில் நாம் பார்ப்பது சபை. கத்துவார்கள், எழுந்து போவார்கள், மைக்கைத் தட்டுவார்கள். அந்தச் சபைக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் குழுக்கள் உண்டு என்பது மேடம் குடிவந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மக்கள் கொடுக்கும் மனுக்களைக் கேட்க ஒரு குழு. மசோதாவை வரிவரியாகப் பிரித்து மேய ஒரு குழு. துறை அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சில குழுக்கள். இவற்றோடு அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒன்றும் உண்டு. மேடம் தன் காலத்தில் பெரும்பகுதியைக் கழித்தது அதில்தான்.

அந்தக் குழுவின் வேலையைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். சபையில் மந்திரி எழுந்து, "பரிசீலனையில் இருக்கிறது", "தகவல் திரட்டி வருகிறோம்", "கவனிக்கிறேன்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருவார். மந்திரி நழுவிவிட்டார் என்று நாம் சேனலை மாற்றிவிடுவோம். குழு மாற்றாது. சொன்னது சொன்னதுதான், அது வாக்குறுதி என்று பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லி, இதைக் கைவிட்டுவிடுங்கள் என்று குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். சும்மா மறந்துபோக மட்டும் வழி கிடையாது.

வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் துரத்திய ஒருவரைக் கொண்டுவந்து, வாயைத் திறந்தாலே வாக்குறுதியாகக் கொட்டும் எங்கள் தெருவில் குடிவைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

பார்த்தால் அவ்வளவு பயமாக இருக்காது. குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஷூ. சித்திரை வெயிலிலும் தோளில் மடித்துப் போட்ட ஒரு சால்வை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "யாரோ பாக்கலாம்னு சொல்லியிருப்பாங்க, இவங்க நிஜம்னு நம்பிக் காத்திருந்திருப்பாங்க" என்று என் மனைவி சொல்லுவாள். கையில் பேனாவோ நோட்டோ வைத்துக்கொள்ள மாட்டார். யாராவது ஏதாவது சொன்னால் நடுவிரலால் நெற்றியில் ஒரு தட்டு. பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் என்றைக்குக் கேட்டாலும் நீங்கள் சொன்ன வாக்கியம் இருமல் உட்பட அப்படியே திரும்பி வரும்.

நான் பொத்தேரியில் ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். "ஒரு வாரத்துல கூப்பிடுறோம் சார்" என்று பெற்றோரிடம் சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம். ஆகவே மேடம் லிஃப்டுக்குள் நிற்பதைப் பார்த்தால் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு படியில் இறங்கிவிடுவேன். எங்கள் அடுக்ககத்தில் பாதிப்பேர் அப்படித்தான். மேடத்தின் புண்ணியத்தில் எல்லோருக்கும் முழங்கால் நல்ல நிலையில் இருந்தது. இப்போது அவர் இல்லை. இறந்துபோய்க் கொஞ்ச காலம் ஆகிறது. இப்போதும் லிஃப்ட் திறந்தால் உள்ளே அவர் நிற்கிறாரா என்று பார்க்கிறேன். இருந்தபோது ஒளிந்துகொண்டதும் நிஜம், இப்போது தேடுவதும் நிஜம்.

டெல்லிக் கதைகளை அவரிடமிருந்து கறக்க நாங்கள் என்னென்னவோ செய்து பார்த்தோம். எந்த மந்திரி திணறினார், எந்த எம்.பி. தூங்கினார் என்று கேட்டால், "குழுவுக்குள்ள நடந்தது வெளில சொல்றதில்ல" என்பார். முந்திரிப் பருப்பைப் பற்றி மட்டும் சொல்லுவார். கூட்டத்தில் வறுத்த முந்திரி வைப்பார்களாம். சபையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் இரண்டு பேர், குழு அறையில் ஒரே தட்டில் கைவிட்டுத் தின்றபடி ஒரு மசோதாவின் கமாவைப் பற்றி மரியாதையாகப் பேசுவார்களாம்.

"கேமரா இல்லாத ரூம்ல எல்லாரும் மனுஷங்களா ஆயிடுவாங்க" என்பார் மேடம். "கேமராவைக் கொண்டுவாங்க, உடனே கட்சிக்காரங்களா ஆயிடுவாங்க."

இந்த நம்பிக்கையில்தான் எங்கள் நாய்ச் சட்டத்தையும் செய்தார். அடுக்ககத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் ஒரு மாதம் அடிதடி. ஒருவர் நாய்ப்படம் போடுவார், இன்னொருவர் அதற்குக் கீழே படியில் கிடந்த வேறொன்றின் படம் போடுவார். மேடம் எல்லோரையும் மொட்டை மாடிக்கு வரவழைத்தார். போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட வைத்தார். முந்திரித் தட்டை நடுவில் வைத்தார்.

"நாய் கூடாதுன்னா, விருந்தாளியோட வர்ற நாய்? ஒரு நாள் தங்குற நாய்? கண்ணு தெரியாதவரைக் கூட்டிட்டு வர்ற நாய்? ஒவ்வொண்ணா போவோம்" என்றார்.

ஒவ்வொன்றாகப் போனதில் ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. முடிவில் நாய் இருக்கலாம், வெளியே கூட்டிப் போகிறவர் கையில் பழைய பேப்பர் இருக்க வேண்டும் என்று ஏகமனதாக நிறைவேறியது. நாயே கூடாது என்று ஆரம்பித்தவர்தான் அந்தப் பேப்பர் விஷயத்தை முன்மொழிந்தார். எப்படி என்று அவருக்கே இன்று வரை விளங்கவில்லை. மேடம் அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். "இந்த விதி யாரைப் பாதிக்கும்? அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டாச்சா?"

இனி கன்னியம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மதில் சுவரை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. அதில் கன்னியம்மா இருக்கிறார். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். விடியும் முன் போய் மீன் எடுத்து வந்து எங்கள் தெருமுனையில் விற்பார். மழை பெய்தால் தெருவில் ஓடும் தண்ணீர் முழுவதும் அவர் வீட்டுக்குள்தான் போகும். வருஷா வருஷம் போகும். வருஷா வருஷம் நாங்களும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அரசாங்கம் கால்வாயைத் தூர்வாரவில்லை என்று அரசாங்கத்தைத் திட்டிவிட்டு பஜ்ஜி சாப்பிடுவோம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கன்னியம்மா எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார். தண்ணீர் எங்கே அடைத்துக்கொள்கிறது என்று கொஞ்சம் பாருங்கள், உங்கள் கேட்டுப் பக்கம் போய்த்தான் திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். செயலாளர் சேகர் நல்ல மனிதர். யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கிணற்றில் போட வேண்டுமானால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்.

"இதுக்கு ஒரு கமிட்டி போட்டுடலாம்மா. கவலைப்படாதீங்க."

போட்டது சரி. தலைவராக மேடத்தைப் போட்டாரே, அங்கேதான் கோட்டைவிட்டார். டெல்லியில் இருந்தவர், கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கமிட்டி என்றால் வேலை நடக்க வேண்டும் என்று நம்பிய ஒரே ஜீவன் எங்கள் அடுக்ககத்தில் அவர்தான் என்பது சேகருக்குத் தோன்றவில்லை. என்னையும் உறுப்பினராகப் போட்டார்கள். அன்று நான் செய்த தப்பு முன்வரிசையில் உட்கார்ந்ததுதான்.

மேடம் முதலில் கன்னியம்மாவைச் சாட்சியாக அழைத்தார். சேகர் மறுத்துப் பார்த்தார்.

"அவங்க நம்ம அசோசியேஷன் மெம்பரே இல்லையே மேடம்."

"சாட்சி மெம்பரா இருக்கணும்னு எங்கயும் விதி இல்ல. டெல்லில விவசாயியக் கூப்பிட்டிருக்கோம், நர்ஸக் கூப்பிட்டிருக்கோம். அவங்கள்ளாம் எம்.பி.யா?"

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, முந்திரித் தட்டு வைத்து விசாரணை நடந்தது. கன்னியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முந்திரியைத் தொடவில்லை.

"மொத மழைக்கே கட்டுலுக்கு மேல ஏறிக் குந்திக்கினு கீறோம். காலைக் கீழ வெக்க முடியாது. அத்த வுடு, எனக்குப் பயக்கம். எம்பொண்ணு செல்விக்கு இது தலப்பிரசவம். ஐப்பசில கூட்டியாரணும். கேளம்பாக்கத்துல கட்டிக் குட்த்துகிறேன். அவ மாமியாக்காரி இன்னா சொல்றா தெரியுமா? 'உங்கம்மா வூடு கொளமா கீது, பொறக்குற புள்ளைய எங்க போடுவ, தண்ணில வுடுவியா'ன்னு கேக்குறா. அனுப்ப மாட்டாளாம். தலப்பிரசவத்துக்குத் தாய் வூடு இல்லாத பொண்ணுன்னு எம்பொண்ணுக்குப் பேர் ஆயிடும்."

பிறகு கன்னியம்மா மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"டெல்லிம்மா, நீ ஒரு வார்த்த சொல்லு. இந்த மயைக்குத் தண்ணி வராதுன்னு சொல்லு. நான் போயி எம்பொண்ணக் கூட்டியாந்துர்றேன்."

"சொல்ல மாட்டேன்" என்றார் மேடம்.

"இன்னாது?"

"தண்ணி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க அடைக்குதுன்னே இன்னும் தெரியல. தெரியாததை எப்படிச் சொல்ல?"

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் வாயாலயாச்சும் சொல்றாங்க. உனுக்கு அதுகூடவா முடியல?" என்று எழுந்து போய்விட்டார். எனக்கே மேடத்தின் மேல் எரிச்சலாக இருந்தது. ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும்? கேட்டேன்.

"அடுத்தவங்க சொன்ன வார்த்தைய எவ்வளவு காலம் துரத்தியிருக்கேன் தெரியுமா சார்? அந்த வார்த்தைய நம்பி யாரோ ஒருத்தர் எங்கயோ காத்துட்டு இருப்பாங்க. பாலம் வரும்னு இருப்பாங்க, ஆஸ்பத்திரி வரும்னு இருப்பாங்க. அவங்க எழுதுறதப் படிச்சுப் படிச்சு எனக்கு வாய் வர்றதில்ல" என்றார். அப்போது முதல்முறையாக மேடத்தைப் பார்த்து எனக்குப் பயம் போய், வேறு ஏதோ வந்தது. மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆய்வுப் பயணம். டெல்லிக் குழுக்கள் விமானத்தில் போகும். எங்கள் குழு குடையில் போயிற்று. ஒரு மத்தியானம் நல்ல மழை பிடித்துக்கொள்ள, மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவோரக் கால்வாய் பொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க செருப்பைக் கழட்டுங்க. ரப்பர் செருப்புதானே, மிதக்கும்."

கழற்றினேன். ஒன்றை வாங்கிக் கால்வாயில் போட்டார். அது எங்கள் கேட்டை நோக்கி மெல்ல மிதந்து போயிற்று. நாங்களும் பின்னாலேயே போனோம், நான் ஒற்றைக் காலில் செருப்போடு. கேட்டுக்கு முன்னால் வந்ததும் செருப்பு நின்றது. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உள்ளே இழுபட்டு, காணாமல் போயிற்று. அந்தப் பக்கம் வெளியே வரவே இல்லை.

கேட்டுக்கு முன்னால் கால்வாய்க்கு மேல் இருந்தது எங்கள் ரேம்ப். கார்கள் குலுங்காமல் ஏறி இறங்க நாங்களே சிமெண்டைக் கொட்டிக் கட்டிய மேடு. இத்தனை வருஷம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே தின்ற பஜ்ஜியெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சில் வந்து நின்றது.

சேகரை விசாரணைக்கு அழைத்தோம்.

"ரேம்ப் கட்டறப்போ தண்ணி போக அடியில பைப் விட்டிருக்கோம் மேடம்" என்றார்.

"எவ்வளவு அகலப் பைப்?"

"அது... பைப் அகலம்தான்."

"ஒரு செருப்பு போகுமா?"

சேகர் என் காலைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, தன் வாழ்நாள் பழக்கப்படி, "இடிச்சிட்டு இரும்பு மூடி போட்டுடலாம் மேடம். பாத்துப் பண்ணிடலாம்" என்றார்.

மேடம் நெற்றியில் தட்டினார். சேகர் அதைக் கவனிக்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து முந்திரியை அள்ளிக்கொண்டிருந்தார்.

குழுவின் அறிக்கையைப் பொதுக்குழுவில் மேடமே எழுந்து நின்று வாசித்தார். ரேம்ப்தான் காரணம், இடிக்க வேண்டும் என்றார். இடித்தால் இதுவரை அந்த மேடு தடுத்த மழைத்தண்ணீரில் ஒரு பங்கு நம் கார் நிறுத்தும் இடத்துக்குள் வரும், கன்னியம்மா வீட்டுக்குள் போவதற்குப் பதிலாக நமக்குக் கணுக்கால் அளவு நிற்கலாம், அதற்குச் சம்மதித்துத்தான் இதை ஏற்க வேண்டும் என்றும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அதே நேரத்தில்தான் சூடாகச் சமோசா வந்தது. சட்னி எங்கே என்று ஒருவர் கேட்டார். ஆட்சேபணை உண்டா என்று மேடம் கேட்டபோது எல்லோருடைய வாயும் நிறைந்திருந்தது. ஏகமனதாக ஏற்கப்பட்டது. சேகரே கன்னியம்மாவிடம் போய், "இடிச்சிடறோம்மா" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

அதற்குப் பிறகு சேகருக்குச் சனி. காலையில் நடக்கப் போனால் மேடம். பால் வாங்கப் போனால் மேடம். "என்னாச்சு சார்?" அவ்வளவுதான் கேட்பார். குரலை உயர்த்தமாட்டார். அடுத்த வாரம் என்றார் சேகர். "சரி, அவகாசம் கொடுத்தாச்சு." அடுத்த வாரம் கொத்தனார் கிடைக்கவில்லை என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேகர் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மேடம், பின்னால் கடப்பாரையோடு இரண்டு பேர்.

"கொத்தனார் கிடைக்கலன்னீங்க. கிடைச்சுட்டாங்க."

அப்புறம் என்ன செய்வார் பாவம். ரேம்ப் உடைந்தது. உள்ளேயிருந்து பாட்டில்களும் பைகளும் ஒரு தலையணையும் என் செருப்பும் வந்தன. கால்வாய்க்கு மேல் இரும்புக் கம்பி மூடி போட்டார்கள். கன்னியம்மா வந்து பார்த்துவிட்டு, மேடத்திடம் ஒன்றும் பேசாமல் போய், மறுவாரமே மகளைக் கூட்டி வந்துவிட்டார். வளைகாப்பு வளையல் குலுங்க அந்தப் பெண் தெருவில் நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து பார்த்தோம். என்னவோ எங்கள் வீட்டுப் பெண் வருவது போல எனக்குப் பெருமையாக இருந்தது. இடித்தது நான் இல்லைதான். செருப்பு என்னுடையது.

குழந்தை ஐப்பசி கடைசியில் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாட்களில் பெருமழை பிடித்தது.

மறுநாள் காலையில் எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் நின்றது. கணுக்கால் இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. சேகரின் கார் புத்தம்புதியது, மாலைகூட வாடவில்லை. சாவியைத் திருகினால் அது இருமியது. அவ்வளவுதான், அடுக்ககமே படிக்கட்டில் கூடிவிட்டது.

"யார் கேட்டா இந்த ரேம்ப்ப இடிக்கச் சொல்லி?"

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நாம எதுக்கு சார் தண்ணி வாங்கிக்கணும்?"

"மேடம், இப்படி ஆகும்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" இது சேகர்.

மேடம் மேல்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அறிக்கையின் அந்தப் பகுதியை, கணுக்கால் உட்பட, மனப்பாடமாக அப்படியே திரும்பச் சொன்னார். "முழங்கால்னு சொல்லல. அது என் தப்பு. ஒத்துக்கிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். படிக்கட்டு கொஞ்சம் அடங்கியது. எல்லோருக்கும் சமோசா நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனால் சேகர் அடங்கவில்லை. கார் போன துக்கம். "கமிட்டியக் கலைக்கிறேன். மழை விட்டதும் ரேம்ப்பத் திரும்பக் கட்டறோம். எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கத்தினார். எல்லோரும் ஓகே என்றார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். மேடம் முந்திக்கொண்டார்.

"கமிட்டியக் கலைக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ரேம்ப்பக் கட்டவும் இருக்கு. நான் குறுக்க நிக்கல" என்றார். அவர் தோற்றுப் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒண்ணே ஒண்ணு. இடிச்சிடறோம்னு கன்னியம்மாகிட்ட வார்த்தை கொடுத்தாச்சு. அதைத் திரும்ப வாங்கிக்கறதுன்னா அவங்ககிட்டதான் வாங்கணும். போய்ச் சொல்லிட்டு வந்து கட்டுங்க."

"இதுல என்ன இருக்கு? சொல்லிட்டா போச்சு" என்றார் சேகர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்து, தண்ணீரில் இறங்கி வேகமாக நடந்தார். கோபம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். நாங்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். ஓட்டு வீட்டின் கதவு திறந்தது.

"வா சாரு, வா வா! மயைல நனைஞ்சிகினு புள்ளையப் பாக்க வந்தியா? செல்வி, சாருக்கு ஒரு துண்டு எட்த்தா!"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. படிக்கட்டில் யாரும் கலையவில்லை. மேடம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சேகர் திரும்பி வரும்போது குடையை விரிக்க மறந்திருந்தார். தண்ணீரில் மெதுவாக நடந்து வந்து படிக்கட்டின் கீழே நின்றார்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

சேகர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தரை காஞ்சு கெடக்கு மேடம்" என்றார். "குழந்தையத் தரையிலதான் பாய் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க. தூங்குது."

ரேம்ப் என்று யாரும் சொல்லவில்லை. மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சால்வையைச் சரிசெய்தார்.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல" என்றார். "ஆனா கமிட்டி ஏத்துக்குது."

சேகர் தண்ணீரை இறைக்க வாளியைத் தேடிக்கொண்டு போனார்.